விசாரித்து வாங்கிய வண்டி

எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் பேசினாலும் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்து வருவது என் வேலை. படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், இதோ இப்போது எழுதுகிற மாதிரி மெதுவாக எழுத்துக் கூட்டி எழுதுவேன். ஆனால் தெரியாத ஒரு தெருவுக்குள் நுழைந்து அரை மணி நேரத்தில் ஒரு வீட்டு விஷயத்தை முழுக்கத் தெரிந்துகொண்டு வருகிற சாமர்த்தியம் எங்கள் சனத்தில் வேறு ஒருத்தருக்கும் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

பதினொரு கல்யாணம் விசாரித்திருக்கிறேன். பத்துப் பேர் நன்றாக இருக்கிறார்கள். பதினொன்றாவது என் மகள். புவனகிரியில் கொடுத்தேன். மருமகன் குடிக்கிறவர். கை நீட்ட மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்பினால் பாதி வழியில் எங்கேயாவது நின்றுவிடுவார். மகள் தையல் மெஷின் போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் கெட்டுப் போனார், விசாரித்தபோது நல்லவராகத்தான் இருந்தார் என்று நான் ஊரில் சொல்லி வைத்திருந்தேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வண்டி விஷயம் வந்தது 2012-ல். என் தம்பியும் அவன் பெண்டாட்டியும் துபாயில் இருந்தார்கள். அவர்கள் பெண் கடலூரில் என்னோடு வளர்ந்தாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு முடிந்து சில மாதம். சிதம்பரத்தில் பிசியோதெரபி படித்தாள். ஹாஸ்டலில் விட்டோம், மஞ்சள்காமாலை வந்து வீடு திரும்பினாள். அதற்கப்புறம் தினமும் பஸ். முந்தின வருஷக் கடைசியில் அடித்த புயலுக்குப் பிறகு ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது. பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணிக்கு நிற்க வேண்டும் என்றால் இவள் இருட்டோடு கிளம்ப வேண்டும்.

"அக்கா, அவளுக்கு ஒரு வண்டி வாங்கிடலாம்னு இருக்கேன்" என்று தம்பி போனில் சொன்னான். "புதுசு வேணாம். கத்துக்குற பொண்ணு, நாலு எடத்துல இடிப்பா. பழசா, உயரமா ஒன்னு பாரு. சின்ன எஸ்யூவி."

"அது என்னாடா?"

"ஜீப்பு மாதிரி உயரமா இருக்கும், காரு மாதிரி குட்டையா இருக்கும். நீ பார்த்து நல்லாருக்குன்னு சொன்னா போதும், நான் கண்ண மூடிகிட்டு வாங்கிடுவேன்."

எனக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இருந்தாலும் தம்பி கேட்டுவிட்டான், முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சிதம்பரம் போகிற வழியில் ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில் வீடு வாசல் இல்லாத இடங்கள் உண்டு. விடியற்காலையில் அங்கே வண்டி நின்றுவிட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள்? எனக்கு அது ஒன்றுதான் கணக்கு. ஓடுகிற வண்டி வேண்டும். நடுவழியில் நிற்காத வண்டி.

முதலில் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிவப்பு வண்டி பார்த்தோம். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போனேன். அவர் இஞ்சின் மேல் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "கல்லு மாதிரி இருக்குதும்மா. பேசாம வாங்குங்க" என்றார். எதற்கும் இன்னொருத்தரைக் கேட்போம் என்று இரண்டாவது மெக்கானிக்கைக் கூட்டிப் போனேன். அவர் பின்னால் குந்தி உட்கார்ந்து புகையைப் பார்த்தார். "ஆறு மாசம் தாங்காதும்மா" என்றார். திரும்பவும் முதல் ஆளிடம் போனேன். "அவனா? அவன் லாரி மெக்கானிக். அவனுக்கு என்னா தெரியும்?" என்றார். இரண்டாவது ஆளிடம் போனேன். "அவன் ஸ்கூட்டர் பாக்குறவன்மா" என்றார்.

"எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு பாக்கணும் அத்த" என்றாள் பெண். "ஆனா அந்த மீட்டரையும் கொறைச்சுத் திருப்பி வச்சிடுவாங்களாம். டிரைவிங் ஸ்கூல் சார் சொன்னாரு."

"திருப்பி வச்சிடுவாங்கன்னா அத எதுக்குடி பாக்கணும்?"

"பாக்கணுமாம். ஆனா நம்பக் கூடாதாம்."

எனக்குத் தலை சுற்றியது. ஒரு வாரம் யோசித்தேன். எனக்குத் தெரியாத இஞ்சினைப் போய் எதற்குப் பார்க்க வேண்டும்? வைத்திருக்கிறவன் ஒழுங்கானவன் என்றால் வண்டியும் ஒழுங்காக இருக்கும். ஆளை விசாரிக்க எனக்குத் தெரியும். அப்படி முடிவு செய்ததும் மனசு தெளிவானது. அந்தத் தெளிவைத்தான் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் விற்பனைக்கு என்று கண்ணாடியில் எழுதி ஒட்டிய ஒரு வெள்ளை வண்டி நிற்பதாகக் காலேஜ் தோழி சொல்லி, இவள் அந்த நம்பருக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறோம் என்று சொல்லியிருந்தாள். நான் வியாழக்கிழமையே அவளுக்குத் தெரியாமல் பஸ் ஏறிவிட்டேன்.

விசாரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நேரே அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. எதற்குக் கேட்கிறோம் என்று வாய் திறந்து சொல்லக் கூடாது. நல்ல சேலை கட்டிக்கொள்ள வேண்டும். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், மளிகைக் கடை, தண்ணீர்க் குழாய், இந்த மூன்று இடத்தில் கேட்டால் போதும். நான் அப்படியேதான் செய்தேன்.

இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே, "அந்த வூட்டுப் பையனா? தங்கமான புள்ளைங்க. சட்ட காலர்ல அழுக்கு இருக்காது" என்றார்.

"குடி கிடி?"

"சே சே! டீ குடிச்சே நான் பார்த்தது இல்ல."

"வீட்டு வாசல்ல காரு நிக்கிதே. அதுல அடிக்கடி எங்கயாச்சும் இடிச்சிக்கிட்டு வருவாரா?"

"அவரா? தொடைச்சிகிட்டே இருப்பாருங்க. புதுசு மாதிரி வச்சிருக்காரு."

"ரிப்பேர்னு நின்னு பார்த்திருக்கீங்களா?"

அவர் பெட்டியைச் சட்டை மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். "இந்தக் கண்ணால பார்த்தது இல்லீங்க" என்றார்.

மளிகைக் கடைக்கார அம்மாவும் அதையே சொன்னாள். ஆறு மணிக்கு மேல் பையன் வெளியே தங்க மாட்டான், மாசக் கணக்கைப் பாக்கி வைக்காத வீடு, அம்மா மட்டும் கொஞ்சம் கறார், மற்றபடி குறையே இல்லை. எந்த ஊர், என்ன ஆளுங்க என்று என்னைச் சுற்றி வளைத்துக் கேட்டாள். பிறகு, "பொண்ணு என்னா படிக்கிது?" என்றாள்.

நான் திகைத்துப் போனேன். வண்டி ஒரு பெண்ணுக்குத்தான் என்று இவளுக்கு எப்படித் தெரிந்தது? "பிசியோதெரபி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஊர்க்காரர்களுக்கு என்னை விட மூளை ஜாஸ்தி என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இவளோடு போய் இறங்கியபோது தெருவே வாசலில் நின்றது. அந்த வீட்டு வாசலில் பெரிய கோலம். உள்ளே புது ஜமுக்காளம். அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய நாலு பிளாஸ்டிக் நாற்காலி, முதுகில் வேறு யாருடைய பெயரோ எழுதியிருந்தது. தட்டில் கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. பையனுக்கு இருபத்தெட்டு வயசு இருக்கும். மடிப்புக் கலையாத சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டு ஒரு ஓரமாக நின்றான்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வண்டி விற்கிறவர்கள் கேசரி கிண்டுவார்களா? நல்ல குடும்பம், மரியாதை தெரிந்தவர்கள் என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு, கேசரி கொடுக்கிற அளவுக்கு வண்டியில் என்ன கோளாறோ என்றது. முந்திரி வேறு அள்ளிப் போட்டிருந்தார்கள். பண்ருட்டியில் வாங்கி விற்றவள் நான், முந்திரி விலை எனக்குத் தெரியும். ஒரு வாய் சாப்பிட்டு இந்தப் பக்கம் சாய்ந்தேன், அடுத்த வாய்க்கு அந்தப் பக்கம் சாய்ந்தேன்.

இவள் உட்காரவே இல்லை. வாசலுக்கு ஓடி, சுடிதாரோடு தரையில் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் வண்டிக்கு அடியில் பார்த்தாள். கடலோரத்து வண்டியில் துரு இருக்குமாம்.

"பொண்ணு ரொம்ப தைரியம்" என்றாள் பையனின் அம்மா. குரலில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

"ஆமாங்க. ஒத்தையா ஓட்டிக்கிட்டுப் போவணுமில்ல."

அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்: "ஜாதகம் கையோட கொண்டாந்திருக்கீங்களா? இல்ல, பார்த்துட்டுதான் வந்திருக்கீங்களா?"

"எதுக்குங்க ஜாதகம்?"

"எதுக்கா? நீங்கதான வியாழக்கெழம தெரு பூரா விசாரிச்சது? நேரா வந்தா நல்லாருக்காதுன்னு காரு பாக்குற சாக்குல வர்றீங்க, புரியுது. நாங்களும் எம்பொண்ணுக்கு அப்படித்தான் போயி பார்த்தோம்."

கையில் இருந்த பஜ்ஜியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த இவள் அதைக் கேட்டுவிட்டாள்.

"அத்த, எனக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. நிறுத்தவே முடியவில்லை. பையனின் காது சிவந்துபோனது.

"இல்லீங்க, நாங்க நெஜமாவே காருதான் பாக்க வந்தோம்" என்றேன்.

"காருக்கா என் புள்ள குடிப்பானான்னு கேட்டீங்க?"

"குடிச்சிட்டு ஓட்டியிருந்தா வண்டி அடிபட்டிருக்குமில்லீங்க..."

"நல்லாருக்குதும்மா உங்க விசாரிப்பு! காலையில அஞ்சு மணிக்கு எழுந்து பஜ்ஜிக்கு வாழக்கா சீவினவ நானு. தெருவுல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். இனிமே நான் கொழாயடிக்கு எப்படிப் போவேன்?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஒரு வீட்டில் ஆசையைக் கிளப்பிவிட்டு இல்லை என்று எழுந்து போவதை விடப் பாவம் எங்கள் பழக்கத்தில் கிடையாது. நான் வாயே திறக்காமல் அதைச் செய்திருக்கிறேன். என் வயசுக்காரி பட்டுச்சேலையோடு வந்து ஒரு வீட்டைப் பற்றி மூன்று இடத்தில் கேட்டால் வேறு எதற்குக் கேட்பாள்? கேட்கிற விதத்திலேயே எல்லாம் இருக்கிறது. அது கூடத் தெரியாமல் போயிற்று எனக்கு.

இஸ்திரிக்காரர் சட்டைகளைக் கொடுக்கிற சாக்கில் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "யம்மா, வண்டிக்கா விசாரிச்சீங்க?" என்று உள்ளேயே வந்துவிட்டார். "மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல. மழ பேஞ்சா அத தள்றதே நான்தாங்க. நானு, எதுத்த வூட்டுக்காரரு, இன்னும் ரெண்டு பேரு. தெருமுன வரைக்கும் தள்ளுவோம்."

"அன்னைக்கு இந்தக் கண்ணால பார்த்தது இல்லன்னீங்களே!"

"கல்யாண விஷயம்னு நெனச்சேங்க. மாப்பிள்ள வண்டி தள்ளுவாருன்னு பொண்ணு வூட்டுல போயி சொல்லுவாங்களா? கெடுத்தவன்னு பேரு எனக்கு எதுக்கு? நாளைக்கு இந்தத் தெருவுலதான நான் பொட்டிய சூடு பண்ணணும்?"

"அப்ப பையனப் பத்திச் சொன்னது?"

அவர் பையனைப் பார்த்தார், அவன் அம்மாவைப் பார்த்தார். "தங்கமான புள்ளதாங்க" என்றார். வியாழக்கிழமை சொன்ன அதே குரல். ஒரு எழுத்து மாறவில்லை.

எனக்குப் புவனகிரி ஞாபகம் வந்தது. அங்கேயும் ஒரு இஸ்திரிக்காரர் இருந்தார். அவரும் பெட்டியை வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் சொன்னார். என்ன சொன்னார் என்பது மறந்துபோகவில்லை.

ஓரமாக நின்ற பையன் முன்னால் வந்தான். "பெரியம்மா, அவரு சொல்றது நெஜம்தான். பிளக்குக்குப் போற ஒயர்ல ஈரம் ஏறிச்சின்னா ஸ்டார்ட் ஆவாது. போன மாசம் ஒயரெல்லாம் மாத்திட்டேன். அதுக்கப்புறம் மழையே வரல. சரியாயிடுச்சா இல்லியான்னு எனக்கே தெரியாது. தெரியாம சரியாயிடுச்சின்னு சொல்லி உங்ககிட்ட விக்கக் கூடாது பாருங்க."

"மழ வரலன்னா என்னாண்ணா? தண்ணி ஊத்திப் பார்ப்போம்" என்றாள் இவள்.

அண்ணா என்று அவள் கூப்பிட்டதும் அவன் அம்மாவின் முகத்தில் மிச்சம் மீதி இருந்ததும் போயிற்று. அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

குழாயடியில் இருந்து இரண்டு குடம் தண்ணீர் வந்தது. பையன் முன்மூடியைத் தூக்கினான், இவள் தன் கையாலேயே ஊற்றினாள். தெரு முழுக்க நின்று பார்த்தது. சாவியைத் திருப்பினாள். கர் கர் என்றது, பிடிக்கவில்லை. "நான் சொன்னனா?" என்றார் இஸ்திரிக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளத் தயாராக. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை திருப்பியதும் ஒரு தும்மல் போட்டு ஓட ஆரம்பித்தது.

"பார்த்தீங்களா, ஆயிடுச்சி" என்றாள் மளிகைக் கடைக்கார அம்மா. "இஞ்சின் மேல தண்ணிய ஊத்தி எந்த வண்டிங்க ஸ்டார்ட் ஆவும்? நல்ல வண்டி."

"ரெண்டு தடவ ஆவலியே?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"ரெண்டு குடம் ஒரு மழையா?" என்றார் இஸ்திரிக்காரர்.

ஆளுக்கொன்று பேசினார்கள். இப்போது இது கல்யாணம் இல்லை என்று தெரிந்துவிட்டதால் எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். எல்லோரும் உண்மையைச் சொன்ன பிறகு எனக்கு முன்னை விடக் குழப்பம் ஜாஸ்தியாயிற்று. இந்த வண்டி நிற்குமா, நிற்காதா? மூன்றாவது தடவை பிடித்ததை எந்தப் பக்கம் சேர்ப்பது?

அந்த நேரம் பார்த்துத் தம்பி துபாயில் இருந்து கூப்பிட்டான். "என்னா அக்கா, பார்த்தியா? வாங்கலாமா?"

நான் தெருவின் ஓரமாகப் போய் நின்றேன். "எனக்குத் தெரியலடா" என்றேன்.

"லைன் சரியில்லக்கா. என்னா சொன்ன?"

ஒரு தடவை சொல்வதற்கே நாக்கு வரவில்லை. திரும்பச் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "எனக்குத் தெரியலன்னேன்! வண்டியப் பத்தி எனக்கு ஒன்னும் தெரியல. ஓட்டப் போறவ இங்கதான் நிக்கிறா, அவளக் கேளு."

போனை அவளிடம் கொடுத்தேன். அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். "வாங்கலாம்ப்பா. எதனால நிக்கிதுன்னு தெரிஞ்சிபோச்சி. எந்த எடத்த தொடைக்கணும்னு அந்த அண்ணா காட்டிட்டாரு" என்றாள்.

கிளம்பும்போது நான் அடுப்படி வாசல்வரை போனேன். அந்தம்மா வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. "தப்பு என் மேலதாங்க" என்றேன். "மிச்ச கேசரிய எடுத்துகிட்டுப் போங்க. எங்களால தின்ன முடியாது" என்றாள். தூக்குப் பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தாள். அது கோபமா மரியாதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தூக்கைத் திருப்பிக் கொடுக்க இவளைத்தான் அனுப்பினேன். நான் போகவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்தது. ஐப்பசி பிறந்தது. வானம் இருட்டினாலே நான் வாசலுக்குப் போய் மேலே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் போய்ச் சேர்ந்து போன் செய்கிற வரைக்கும் அடுப்பில் காப்பி வைக்க மாட்டேன். அடைமழை மூன்று நாள் விடாமல் பெய்தது. வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. கார்த்திகையில், நல்ல வெயில் காய்ந்த ஒரு காலையில், சொட்டு ஈரம் இல்லாத ரோட்டில், ஆலப்பாக்கம் தாண்டி நின்றுவிட்டது. அவள் துடைக்க வேண்டிய இடத்தை எல்லாம் துடைத்தாள். எல்லாம் காய்ந்துதான் இருந்தது. போனில் அவள் பேசப் பேச நான் இங்கே வீட்டு நடையில் நின்றுகொண்டே இருந்தேன். இருபது நிமிஷம் கழித்து அதுவாகவே கிளம்பிற்று. சிதம்பரத்துப் பையனைக் கேட்டால், "அப்படி நம்மகிட்ட நின்னதே இல்லியே" என்கிறான். முதல் மெக்கானிக் பெட்ரோலில் தூசி என்றார். இரண்டாவது ஆள் பேட்டரி என்றார். நான் இரண்டு பேருக்கும் தலையை ஆட்டினேன். அப்புறம் நிற்கவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில் என்னைப் புவனகிரிக்குக் கூட்டிப் போனாள். மருமகன் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். சிதம்பரத்துக் கதையை நான் சொல்லச் சொல்ல, மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, ஒன்ன குடுக்கும்போதும் நான் இந்தத் தெருவுல வந்து விசாரிச்சேன். இஸ்திரிக்காரரு, கடைக்காரரு எல்லாரும் தங்கமான பையன்னாங்க. அவுங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாம என்னா? அப்பவே தெருவுக்கே தெரியும்" என்றாள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. அவள் முகத்தில் கோபம் இல்லை.

"ஒருத்தரும் சொல்லலியே!"

"போன மாசம் ரெண்டு பொம்பளைங்க வந்து எதுத்த வூட்டுப் பையன எங்கிட்ட விசாரிச்சாங்க. அவனும் குடிக்கிறவன்தான்."

"நீ என்னா சொன்ன?"

"தங்கமான பையன்னேன். வேற என்னாம்மா சொல்ல சொல்ற? அவுங்க அம்மாதான் எனக்குத் துணி குடுக்கிறவங்க."

திட்ட வேண்டும் போல வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. அந்த இரண்டு பேரும் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. எதற்கு விசாரிக்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லையாம்.

திரும்பக் கிளம்பும்போது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. வாசலில் மகள் நின்றாள். இவள் சாவியைத் திருப்பினாள், பிடிக்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த நான் என் முந்தானையை உருவி, துடைக்கத் தோதாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டேன்.

"இருங்க அத்த" என்றாள் இவள். இன்னொரு தடவை திருப்பினாள்.